தாய்லாந்து உணவகத்தில் மெனுவின் கடைசிப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவக விமர்சனங்களை விடாமல் படிக்கும் வாசகர்களில் நானும் ஒருவன். தாய்லாந்து உணவகம் ஒன்றைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் பாட் தாய் நூடுல்ஸ், தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் கறி, தோம் யம் சூப் ஆகிய மூன்றை மட்டும் சுவைத்துப் பார்த்து, அவற்றை வைத்தே அந்தச் சமையலறைக்கு மதிப்பெண் போட்டுவிடும் வழக்கம் மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மூன்றும் நல்ல உணவுகள்தாம். இறால் போட்ட தோம் யம் 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அக்கம்பக்கத்துச் சிறிய உணவகங்களின் திறமை பெரும்பாலும் வேறு உணவுகளில்தான் இருக்கிறது. யாரும் கேட்காததால் அது வெளியே தெரியாமலே போகிறது.

எந்த ஊர்த் தாய்லாந்து உணவகத்துக்குப் போனாலும் மெனு ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம் உண்டு. பாட் தாய் பரவலானதே அரசின் முனைப்பால்தான். சயாம் என்ற நாடு 1939-இல் தாய்லாந்து எனப் பெயர் மாறிய காலத்தில், பிரதமர் பிபுன்சோங்கிராமின் அரசு அதை நாட்டின் பொது உணவாக முன்னிறுத்தியது. பின்னர் 2002-இல், வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்குவதற்கென்றே அந்நாட்டு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உலகின் பல மூலைகளுக்கு அந்தச் சமையல் சென்று சேர்ந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். ஆனால் அறிமுகத்துக்கென முன்வைத்த சில உணவுகளே முழுச் சமையல் என்று வாடிக்கையாளர்கள் எண்ணிக்கொண்டார்கள். விலைபோவதை மட்டும் சமைத்தால் போதும் என்று உரிமையாளர்களும் இருந்துவிட்டார்கள்.

இதை உடைக்க ஒரு கேள்வி போதும்: சமையற்காரர் தாய்லாந்தின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்? வடகிழக்கில் லாவோஸை ஒட்டியிருக்கும் ஈசான் பகுதி என்று பதில் வந்தால் கொத்திய இறைச்சியில் செய்யும் சாலட்டான லாப், சோம் தாம், பசையரிசிச் சோறு ஆகியவற்றைக் கேட்கலாம். சியாங் மாய் முதலான வடபகுதி என்றால் காவ் சோய் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்; தேங்காய்ப்பால் குழம்பில் வேகவைத்த முட்டை நூடுல்ஸும், அதன் மேல் மொறுமொறுப்பாகப் பொரித்த நூடுல்ஸும், பக்கத்தில் ஊறவைத்த கடுகுக் கீரையும் சின்ன வெங்காயமும் எலுமிச்சைத் துண்டுமாக வரும் உணவு அது. தென்பகுதிக்காரர் என்றால் மஞ்சள் தூக்கலாகவும் புளிப்பு கடுமையாகவும் இருக்கும் மீன் குழம்பான கேங் சோம், கொத்திய இறைச்சியை மசாலா விழுதோடு ஈரம் வற்றும்வரை வறுத்தெடுக்கும் குவா கிளிங் என்று வேறோர் உலகமே திறக்கும். எந்தப் பகுதியினரானாலும் தேங்காய்ப்பால் சேராத கேங் பா என்ற காட்டுக் கறியைக் கேட்டுப் பார்க்கலாம். பச்சை மிளகைக் கொத்தோடு போட்டுச் சமைப்பதால் அதன் காரம் தொண்டைவரை தெளிவாக இறங்கும்.

சோம் தாம் பலருக்கும் பெயரளவில் தெரிந்ததுதான். பப்பாளிக்காயைச் சீவி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கிளறிய சாலட் என்ற அளவில் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். அது செய்யப்படுவதை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். மசாலா விழுது இடிக்கக் கல்லுரல் வேண்டும். சோம் தாமுக்கோ மரத்தாலான உலக்கையும் ஆழமான மண் உரலும்தான் பொருத்தம், ஏனென்றால் இங்கே எதையும் மசியவிடக் கூடாது. முதலில் பூண்டும் மிளகாயும் நசுங்கும். பிறகு பனைவெல்லம், மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, துண்டாக்கிய காராமணிக்காய், தக்காளி ஆகியவை சேரும். கடைசியாகப் பப்பாளிக்காய்ச் சீவல் விழும்போது, ஒரு கை உலக்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, மறுகையிலுள்ள கரண்டி அடியிலிருப்பதை மேலே புரட்டிக்கொண்டே இருக்கும். சீவல் லேசாகக் கன்றிச் சாற்றை உறிஞ்ச வேண்டும், ஆனால் நறுக்கென்ற தன்மையை இழக்கக் கூடாது. நிலக்கடலையும் உலர்ந்த இறாலும் போட்ட இனிப்பு கூடிய வகையே பெரும்பாலான மெனுக்களில் இருக்கும். ஈசான் மக்கள் விரும்பிச் சாப்பிடுவதோ பிளா ரா எனப்படும் புளிக்கவைத்த மீன் சாறு ஊற்றிய வகை. அதன் வாசனை பழகாதவரைத் தயங்கவைக்கும். இருந்தாலும் கேட்டு வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அந்தக் கூர்மையான உப்புச்சுவையை வேறு எதுவும் ஈடுசெய்வதில்லை.

விமர்சனங்களில் அடிக்கடி தென்படும் இன்னொரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இத்தகைய உணவுகளைத் துணிந்து வாங்கியவர்கள்கூட 'உப்பு அதிகம்', 'புளிப்பு தாங்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். ஆளுக்கொரு தட்டு என்று வாங்கி, அதை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். தாய்லாந்து வீடுகளில் ஆளுக்கொரு தட்டில் சோறு இருக்கும். மற்றவை எல்லாம் நடுவில் பொதுவாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கரண்டி மட்டும் எடுத்துச் சோற்றோடு சேர்த்து உண்பார்கள். இறால் விழுதும் மிளகாயும் இடித்துச் செய்யும் நாம் பிரிக்கை, பொரித்த மீனோடும் பச்சைக் காய்களோடும் விரல்நுனி அளவு தொட்டுச் சாப்பிடுவதற்கென்றே அவ்வளவு காட்டமாகச் செய்கிறார்கள். ஆகவே நால்வர் போனால் ஒரு குழம்பு, ஒரு சாலட், ஒரு வறுவல், ஒரு நாம் பிரிக் என்று எதிரெதிர்ச் சுவைகளாக வாங்கி நடுவில் வைக்க வேண்டும். மூன்று தேங்காய்ப்பால் கறிகளை ஒருசேர வாங்கினால் எதுவும் எடுபடாது. ஸ்பூனால் சாப்பிட்டு, முள்கரண்டியைத் தள்ளிவிட மட்டும் பயன்படுத்துவதே அங்குள்ள முறை. பசையரிசிச் சோற்றை மட்டும் கையால் உருட்டி உண்பார்கள்.

சைவ உணவு உண்ணும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மெனுவில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாஸ் சேர்ந்திருக்கக்கூடும். கறிகளின் விழுதிலோ கப்பி எனப்படும் இறால் விழுது பெரும்பாலும் முன்கூட்டியே இடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும், கடைசி நேரத்தில் அதை யாராலும் நீக்க முடியாது. அதனால் கறியைவிட, கேட்ட பிறகே கலக்கப்படும் உணவுகளை நாடுவது நல்லது. உலர்ந்த இறாலை விட்டுவிட்டு, மீன் சாஸுக்குப் பதிலாக உப்போ சோயா சாஸோ சேர்த்து சோம் தாம் செய்து தரச் சொல்லலாம். லாப் உணவையும் மீன் சாஸ் இல்லாமல் காளானில் செய்யலாம். வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்துப் பொடித்த அரிசியும் புதினாவும் எலுமிச்சையும் அப்போதும் அதே மணத்தைக் கொடுக்கும். 'ஜே' என்று சொல்லிக் கேட்டால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத உணவு வேண்டும் என்பது சமையற்காரருக்குப் புரியும். அதில் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. கடலையோ இறாலோ ஒவ்வாதவர்கள் அதைத் தனியாக, முதலிலேயே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கூட்டம் குறைந்த நேரத்தில் சென்று, சமையலறையில் இருப்பவர்கள் தங்களுக்கென என்ன சமைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மலர்ந்த முகத்தோடுதான் பதில் வரும். தங்கள் ஊர் உணவை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்கும்போது அவர்களுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். பெரிய உணவகங்களுக்கு விளம்பரம் இருக்கிறது. குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்களுக்கு நாளிதழில் வரும் நான்கு வரிகளே பெரிய துணை.

எனவே, தங்கள் விமர்சகர்கள் இனி தாய்லாந்து உணவகம் ஒன்றைப் பற்றி எழுதும்போது சமையற்காரரின் பகுதி எது, மசாலா விழுதை அங்கேயே இடிக்கிறார்களா, சொல்லிவைத்தால் மட்டும் செய்து தரும் உணவுகள் எவை, கப்பி சேர்க்காத விழுது தனியாக உண்டா என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்