பயாப்ஸி படிவத்தை வெறுமையாக அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தன் மனைவியின் மார்புக் கட்டிக்கு பயாப்ஸி (கட்டியிலிருந்து சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) ரிப்போர்ட் வர ஒன்பது நாளாயிற்று, அந்த ஒன்பது நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனது கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல், சதையையும் செல்லையும் பார்த்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாட்களில் ஆய்வகத்துக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்காத டாக்டர்கள். ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் கையெழுத்தோடு எங்கள் உறவு முடிந்துவிடுகிறது.

வெட்டி எடுத்த சதை முதலில், அது அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊற வேண்டும். ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். மார்புக் கட்டி என்றால் குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. தவறினால், எந்த மருந்து பலன் தரும் என்று அறியப் பின்னால் செய்கிற ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனைகளை நம்ப முடியாது. அப்புறம் ஆல்கஹால், சைலீன், உருகிய பாரஃபின் மெழுகு என்று இரவு முழுக்க மெஷினில் ஓடும். மெழுகில் உறைந்து பிளாக் ஆனதும், டெக்னீஷியன் அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 அல்லது 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவார். அது ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும் அந்தச் சீவலைச் சுருக்கம் விழாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்கும் பக்குவம் எளிதில் வராது. நல்ல டெக்னீஷியன் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய பேத்தாலஜிஸ்ட் இருந்தும் பயனில்லை. பிறகு சாயம். ஹீமடாக்சிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும், இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். எலும்புக் கட்டியாக இருந்தால் ஃபார்மலினில் ஊறிய பிறகு, மெஷினுக்குப் போகும் முன்னால் அமிலத்தில் போட்டு அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். அதற்கே பல நாள் பிடிக்கும்.

சரி, ஸ்லைடு வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிடாதா என்பார்கள். "கிருமி தெரிஞ்சுதா டாக்டர்?" என்று ஆய்வக வாசலில் என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். கேன்சரில் அப்படிப் பார்த்துச் சொல்ல ஒரு கிருமி இல்லை. அது நம்முடைய செல்லேதான், ஒழுங்கு தவறிய நம் செல். எனவே ஒழுங்கு எப்படி இருக்கும் என்பதை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டாக வேண்டும்.

எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு எம்.டி. பேத்தாலஜி மூன்று வருடம். நான் சேர்ந்த புதிதில் எங்கள் பேராசிரியர் ஸ்லைடைக் கையில் கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைக்க விடமாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார் என்பார். எங்கே நீலம் அடர்ந்திருக்கிறது, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, சிலந்திக் கால் மாதிரி ஓடுகிறதா என்று சொன்ன பிறகுதான் லென்ஸ். அதிலும் முதலில் சிறிய லென்ஸ்தான். அவசரப்பட்டு 40 மடங்கு லென்ஸுக்குப் போனால் கையைத் தட்டிவிடுவார். கிட்டே போனால் செல் தெரியும், ஆனால் அந்த செல் எந்தத் தெருவில் நிற்கிறது என்பது தெரியாமல் போய்விடும். இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் அவர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்த ஸ்லைடுகளுக்குக் கணக்கில்லை. புத்தகத்தில் படித்தது ஒரு பங்கு என்றால், அந்த நாற்காலியில் கற்றது பத்துப் பங்கு.

இன்னொரு பாதி படிப்பு மைக்ராஸ்கோப்புக்கு வெளியே, கிராஸிங் மேஜையில். அறுவை சிகிச்சையில் எடுத்த உறுப்பை அளந்து, வெட்டு ஓரங்களில் மை தடவி, எந்தத் துண்டை ஸ்லைடுக்கு எடுப்பது என்று தீர்மானிக்கும் இடம் அது. பெருங்குடல் புற்றுநோயில், நோய் பரவியிருக்கிறதா என்று அறியக் குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளாவது எடுத்துப் பார்க்க வேண்டும். அவை மஞ்சள் கொழுப்புக்குள் அரிசி அளவிலும் ஒளிந்திருக்கும். கொழுப்பை விரல்களுக்கு நடுவே நசுக்கி நசுக்கித் தேடுவோம். ஒன்பதுதான் கிடைத்தது என்றால் மறுபடி உட்கார வேண்டும். இப்படிப்பட்ட மறுபடிகளும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் சேர்ந்தவைதான்.

மார்புப் புற்றுநோய்க்கு நாங்கள் கிரேடு, அதாவது வீரியத்தின் அளவு, போடுவது மூன்று விஷயங்களைப் பார்த்து: செல்கள் குழாய் வடிவில் அடுக்கி நிற்கின்றனவா, உட்கருக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 வரை என்றால் கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. பிரியும் செல்லையும் செத்துச் சுருங்கிய செல்லையும் குழப்பிக்கொண்டால் மதிப்பெண் மாறும், சிகிச்சை பற்றிய யோசனையும் மாறலாம். தைராய்டில் ஒருவகைக் கட்டி இருக்கிறது, ஃபாலிகுலர் என்போம். அதில் சாதாரணக் கட்டியின் செல்லும் கேன்சர் செல்லும் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக்குழாயையோ அது துளைத்திருக்கிறதா என்பது ஒன்றே வித்தியாசம். ஊசி குத்தி எடுத்த செல்லை வைத்து இதைச் சொல்லவே முடியாது. முழுக் கட்டியையும் எடுத்து, உறையைச் சுற்றிச் சுற்றி வெட்டித் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் அதே பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்வோம்.

இவ்வளவு கற்றும் ஸ்லைடு மட்டும் போதாத இடங்கள் உண்டு. ஒரு சம்பவம் சொல்கிறேன். தொடையிலிருந்து எடுத்த சிறு துண்டு ஒன்று வந்தது. கூட வந்த படிவத்தில் "தொடையில் வீக்கம், 16 வயது, ஆண்" என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. ஸ்லைடில் செல்கள் நெருக்கமாக, வேகமாகப் பிரிந்துகொண்டு, நடுவே இளம் எலும்பை உண்டாக்கிக்கொண்டிருந்தன. அந்த வயதுக்கு ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்தான் முதலில் மனதில் வரும். எழுதினால் காலையே எடுக்கும் அளவுக்குப் போகலாம். நான் எழுதவில்லை. எக்ஸ்ரே பார்க்காமல் எலும்பு சம்பந்தப்பட்ட கட்டிக்கு ரிப்போர்ட் தராதே என்பது எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்லித்தரும் பாடம். தேடிப் பிடித்து, பையனின் அப்பாவை வரச் சொன்னேன். ஆறு வாரத்துக்கு முன்னால் கபடியில் தொடையில் பலமாக முட்டு வாங்கினான் என்றார். எக்ஸ்ரேயில் கட்டிக்கு வெளிச்சுற்றில் முட்டை ஓடு போல முதிர்ந்த எலும்பு தெரிந்தது, நடுப்பகுதி காலியாக இருந்தது. அடிபட்ட தசைக்குள் எலும்பு வளரும் நிலை அது, கேன்சர் இல்லை. எங்களுக்கு வந்த துண்டு, செல்கள் இன்னும் முதிராத நடுவிலிருந்து எடுத்தது. கபடி, அடி, ஆறு வாரம் என்ற மூன்று சொற்களைப் படிவத்தில் எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையனின் அப்பா ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வரும்.

அதனால் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். கட்டி எத்தனை நாளாக, எந்த இடத்தில், முன்பு கேன்சர் சிகிச்சை நடந்ததா, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதைப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதவில்லை என்றால் வீட்டார் கேளுங்கள், அதில் தவறே இல்லை. சதையை வெறும் சலைனில் (உப்புநீரில்) போட்டு பஸ்ஸில் கொண்டுவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் செல் அழுகியிருக்கும், அழுகியதைத் திருப்பிக் கொண்டுவர எந்தப் பரிசோதனையாலும் ஆகாது. சிறு டப்பாவாக இருந்தாலும் ஃபார்மலின் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு லேபில் காட்டலாம் என்று கட்டியைப் பாதியாக வெட்டி இரண்டு இடத்துக்கு அனுப்புகிற வழக்கமும் வேண்டாம். உறை எந்தப் பாதியில் கிழிந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியாமல் போகும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் அதே ஸ்லைடை இன்னொருவர் பார்க்கட்டும். எங்களில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். கடினமான ஸ்லைடு வந்தால் நாங்களே பக்கத்து அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான்.

அந்த வாசகரின் மனைவிக்கு மேல்சிகிச்சை வேறு ஊரில் என்றால், ரிப்போர்ட் தாளோடு ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போகட்டும். ஸ்லைடை உடையாமல் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பிளாக்கை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட வேண்டாம், மெழுகு இளகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேத்தாலஜி பேராசிரியை,
நாகர்கோவில்.