‘திரியுமோ’ என்று கேட்டால் எங்களுக்கு அர்த்தம் வேறு

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதிகளில் தமிழ் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்மார்களுக்கு,

வணக்கம். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் சேச்சி மலையாளத்தில், “திரிஞ்ஞு கிடக்குமோ?” என்று கேட்டார். தானாகப் புரண்டு படுப்பாரா என்றுதான் கேட்டிருக்கிறார். அம்மாவின் காதில் விழுந்தது ‘திரிவாரா’ என்பது மட்டும். “திரிவார் சேச்சி, வீல்சேர்ல வார்டு வாசல் வரைக்கும் திரிவார்” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. தள்ளியது நான்.

சார்ட்டில் அசைவுக்கு 4-க்கு 3 விழுந்தது. படுக்கைப் புண் ஆபத்தைக் கணிக்க மதிப்பெண் போடும் பிரேடன் அளவுகோலில் நடமாட்டம் ஒரு கேள்வி, படுத்த இடத்தில் உடம்பை அசைப்பது வேறொரு கேள்வி. வீல்சேர் முதல் கேள்விக்கு உரியது. இரண்டாவதில் அப்பாவுக்கு 2-க்கு மேல் போட்டிருக்கவே கூடாது. ஆறு கேள்விக்கும் சேர்த்து அதிகபட்சம் 23. 18-உம் அதற்குக் கீழும் என்றால் படுக்கைப் புண் வரும் ஆபத்து உண்டு. அப்பாவுக்கு 19. அந்த ஒரு மதிப்பெண்ணால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடும் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.

பத்தாம் நாள் துடைத்துவிடும்போது அம்மா சொன்னாள்: “வாலெலும்புகிட்ட சுடுதுடா, கல்லு மாதிரி இருக்கு.” சேச்சி வந்து பார்த்தார், சிவப்பு இல்லை என்றார். நாற்பது வருஷம் வெயிலில் கொழுந்துக்கு மருந்தடித்த முதுகு, அதில் சிவப்பு எங்கே தெரியும்? கறுத்த தோலில் சூட்டையும் கெட்டியையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். நான்கு நாளில் தோல் உரிந்தது. குழி ஆற ஐந்து மாதம்.

அந்தச் சேச்சியைக் குறை சொல்லவில்லை. வார்டு நிறைய ஆள், நர்ஸ் அவர் ஒருவர்தான். நான் கேட்பது சின்ன விஷயம். வாயால் கேட்டதோடு விடாதீர்கள். கட்டிலோரம் நின்று, “ஒருக்களிச்சுப் படுங்க” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். தலையணையைப் பிடித்து இழுக்கிறாரா, இடுப்பு நகர்கிறதா, குதிகால் மெத்தையில் உரசுகிறதா? ஒரு நிமிஷம் போதும், மொழியே வேண்டாம். காற்று மெத்தை போட்டிருந்தாலும் பாருங்கள். மெத்தை ஆளைத் திருப்பிப் போடாது.

நிர்வாகத்துக்கு ஒன்று: அந்தக் கேள்வியைத் தமிழிலும் அச்சடியுங்கள். ‘படுத்த இடத்தில் யார் கையும் படாமல் புரளுவாரா?’ அம்மாவுக்கு இப்போது ‘திரிஞ்ஞு’ தெரியும். அடுத்த லயத்தில் படுத்திருக்கும் பாட்டியின் மருமகளுக்குத் தெரியாது.