சட்டத்துறையில் மக்கள் பாதுகாப்புப் பிரிவு வேண்டும்

ஐயா,

எங்கள் பகுதியில் இயங்கிவந்த போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று, ஓராண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, நான்காவது மாதத்திலேயே கதவைப் பூட்டிவிட்டது. பணம் கட்டிய பெற்றோர் அறுபது பேருக்குக் குறையமாட்டார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் படியேறியவர்களோ இருவர்தாம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற சேவை குறித்த புகாருக்குக் கட்டணமே கிடையாது என்று தெரிந்தும் மற்றவர்கள் ஒதுங்கியதற்குக் காரணம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை இழக்க அவர்களால் முடியாது என்பதே.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, மாநில அரசும் புகார்தாரராகலாம். பொதுத்தொல்லைக்கு எதிராக அரசு தலைமை வழக்குரைஞர் வழக்குத் தொடுக்க, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவிலேயே வழிசெய்துள்ளது. ஆக, மக்கள் சார்பில் அரசு வழக்காடுவது நமக்குப் புதிதன்று. அதையே அன்றாடப் பணியாகக் கொண்ட அலுவலகந்தான் இல்லை. நுகர்வோர் நலன், நியாயவிலைக் கடைகளையும் கவனிக்க வேண்டிய கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது. சட்ட அறிவோ சட்டத்துறையில் இருக்கிறது. 2020 முதல் தில்லியில் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், எங்கள் ஊர்ப் பயிற்சி மையத்தைத் தேடிவரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நிதி நிறுவனங்களில் வைப்புத் தொகையை இழந்தவர்களுக்காக 1997ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றிய தமிழகம், கட்டணமாகக் கொடுத்துப் பணத்தை இழந்தவர்களையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் 46 மாநிலங்களின் தலைமை வழக்குரைஞர்கள் ஒன்றுசேர்ந்து, 1998இல் பெரும் புகையிலை நிறுவனங்களைப் பல்லாயிரம் கோடி டாலர் தரும் உடன்படிக்கைக்குப் பணியவைத்தார்கள். தனிமனிதர் எவராலும் அது இயன்றிருக்காது.

எனவே, ஒரே நிறுவனத்தின் மீது பல மாவட்டங்களிலிருந்து வரும் புகார்களைத் திரட்டி, ஆராய்ந்து, அரசின் பெயரால் ஒரே வழக்காகத் தொடுக்கும் மக்கள் பாதுகாப்புப் பிரிவு ஒன்றைத் தமிழக அரசு தன் சட்டத்துறையில் அமைக்க வேண்டும். அதற்கென முழுநேர வழக்குரைஞர்களும், கணக்குப் புத்தகங்களைப் படிக்கத் தெரிந்த தணிக்கையாளர்களும் தேவை. வேறு வேலைகளுக்கிடையே இதையும் பார்க்கும் அலுவலர்களால் பயனில்லை. நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு 2 ஆண்டுகளே என்பதால், புகார் வந்த எத்தனை நாளுக்குள் வழக்குத் தொடுப்பது குறித்து அப்பிரிவு முடிவெடுத்து, அதை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அரசாணையிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் ஒருவர்,
திருச்சி.