ஆண்டறிக்கை: நமது குடிநீர் அணையின் நிலையும் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அணைக்குக் கீழே குடியிருக்கும் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் சேர்க்கை விவரத்தையும் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கையில் அணையின் நிலை மட்டுமே.

மண்ணால் ஆன கரை எதுவும் முழுக்க உலர்ந்திருக்காது. உள்ளே ஊடுருவும் நீர் கீழ்ச்சரிவின் அடியில் உள்ள வடிகால் வழியே வெளியேறும்படிதான் அதைக் கட்டுகிறார்கள். எனவே கசிவு இருக்கிறது என்பதற்காகப் பதற வேண்டாம். போன ஆண்டு இதே நீர்மட்டத்தில் எவ்வளவு கசிந்தது, இப்போது எவ்வளவு, வருவது தெளிந்த நீரா கலங்கலா என்பதையே கேட்க வேண்டும். நீர்மட்டம் குறிக்காத கசிவு அளவால் எந்தப் பயனும் இல்லை.

அணைப் பணியாளர்களோடு சேர்ந்து கசிவு வாய்க்காலின் குறுக்கே நிற்கும் வி வடிவ வெட்டுத் தகட்டில், வெட்டு வழியே வழியும் நீரின் உயரத்தைக் கொண்டு அளவெடுத்து வருகிறோம். 90 பாகை வெட்டில் நீர் 5 செ.மீ. உயரம் நின்றால் ஓட்டம் விநாடிக்கு முக்கால் லிட்டர்போல, 10 செ.மீ. நின்றால் ஏறத்தாழ 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடிவிடுவதால், சில மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்கு கெடும். அளவுகோலைத் தகட்டின் மீதே வைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே நீர் தாழ்ந்து விழுகிறது. நிற்கும் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரமாவது மேலே தள்ளி, வெட்டின் அடிமுனையைப் பூஜ்யமாகக் கொண்டு அளக்க வேண்டும். பாசியையும் இலையையும் துடைத்துவிட்டு, ஓட்டம் நிதானப்பட்ட பிறகே குறிக்கவும். மழை பெய்த அன்று கரைமேல் விழுந்த நீரும் இதில் சேரும். மழையளவையும் அதே வரியில் எழுதவும். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்து இரவு முழுதும் அசையாமல் வைத்தால், அடியில் படியும் மண்ணே பதில் சொல்லிவிடும்.

1963 டிசம்பர் 14 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் பால்ட்வின் ஹில்ஸ் குடிநீர்த் தேக்கத்தில் முற்பகலில் வழக்கத்துக்கு மாறான நீரோட்டம் கவனிக்கப்பட்டது. வடிகால்களில் கலங்கல் நீர் பெருகியது. அன்று பிற்பகலே கரை உடைந்தது. ஐந்து பேர் இறந்தனர். அறிகுறிக்கும் உடைப்புக்கும் இடையில் சில மணி நேரமே இருந்தது.

நம் அணையில் நமக்குப் பெரிய கவலை, கரையை ஊடுருவிச் செல்லும் வெளியேற்றுக் குழாய். பழைய வார்ப்பிரும்புக் குழாயின் இணைப்பு விட்டால் அழுத்த நீர் கரைக்குள்ளேயே பீறிட்டு மண்ணைக் கரைக்கும். வால்வு கீழ்முனையில் மட்டும் இருந்தால் குழாய் முழுதும் எந்நேரமும் அழுத்தத்தில் நிற்கிறது. தேக்கத்தின் பக்கம் உள்ள மேல்முனைக் காப்பு வால்வு மூடுகிறதா என்று பார்க்காமல் இந்தக் குழாயைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை முழுக்க இயக்கி, எத்தனை சுற்று சுழன்றது என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சுற்று குறைந்தால் அடியில் வண்டல் சேர்ந்திருக்கலாம். அப்போது பலம்கொண்டு திருகாமல், சிறிது திறந்து வண்டலை அடித்துப் போகவிட்டு மறுபடி மூட வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசும் அக்கறையில் பாதி இதற்குக் கிடைத்தால் போதும்.

உபரிநீர் ஷட்டர்களுக்கும் இதே விதிதான். துங்கபத்திரா அணையில் 2024 ஆகஸ்ட் 10 இரவு 19ஆம் எண் ஷட்டரின் சங்கிலி அறுந்து, ஷட்டரே அடித்துச் செல்லப்பட்டது. சங்கிலி, கம்பி வடம், இணைப்பு ஊசி ஆகியவை சேறு பிடித்து மறையும் இடத்தில்தான் தேய்கின்றன. மேலே தெரியும் பகுதிக்கு மட்டும் கிரீஸ் தடவிப் பயனில்லை. ஒற்றை மின் இணைப்பில் ஓடும் மோட்டார் புயல் இரவில் நின்றுபோகும். ஜெனரேட்டரும் கைச்சுழற்சி ஏற்பாடும் இயங்குகின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன் சுமையோடு சோதிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் டாட்புரூக் தேக்கத்தில் 2019 ஆகஸ்ட் 1 அன்று துணை வழிந்தோடியின் (உபரி வெள்ளம் வழிந்து இறங்கும் சரிவின்) கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, அடியிலிருந்த மண் அரித்தது. கீழே இருந்த சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டனர். நம் வழிந்தோடியிலும் இணைப்புகளில் செடி முளைத்திருக்கிறது. சுத்தியலால் தட்டினால் வெற்றோசை வரும் பலகைகளைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து நிர்வாகத்திடம் காட்டினோம். அவற்றின் அடியில் மண் போயிருக்கிறது.

கரைமேல் உள்ள மரங்களைப் பற்றி உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டால், வேர் மட்கிய பின் அதன் தடமே நீருக்குக் குழாயாகும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது பொறியாளர் மேற்பார்வையில் வேரோடு அகழ்ந்து, மெல்லிய அடுக்குகளாக மண்ணிட்டு இறுக்க வேண்டும். செடி சிறிதாய் இருக்கும்போதே பிடுங்குவது எல்லாவற்றிலும் மலிவு.

கரையடியில் மண்ணைக் கக்கும் ஊற்று தெரிந்தால் களிமண்ணால் அடைக்க வேண்டாம். அடைத்தால் நீர் வேறு இடத்தில் பீறிடும். முதலில் தகவல் சொல்லுங்கள். பிறகு பொறியாளர் சொற்படி சுற்றிலும் மணல் மூட்டை வளையம் கட்டி உள்ளே நீரை உயரவிடுவார்கள். அல்லது கீழிருந்து மணல், சரளை, கல் என்ற வரிசையில் கொட்டுவார்கள். நீர் போகலாம், மண் போகக் கூடாது என்பதே கணக்கு. அதோடு நீர்மட்டத்தையும் இறக்க வேண்டும். ஆனால் மளமளவென்று இறக்கினால் தேக்கத்தின் பக்கம் ஊறிப்போன உட்சரிவு சரியும். அவசரமில்லாத நாட்களில் நாளுக்கு ஓர் அடி அளவில் இறக்குவது பல இடங்களில் வழக்கம். உடைப்பு நெருங்கினால் அந்தக் கணக்கு பொருந்தாது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று: காப்பு வால்வைச் சோதித்து அறிக்கை தருதல்; குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்த்தல்; கரைமுடியை மட்டக் கருவியால் அளந்து தாழ்ந்த இடத்தை உயர்த்துதல், ஏனெனில் வெள்ளம் முதலில் ஏறி வழிவது அங்கேதான். வெள்ளப் பரப்பு வரைபடத்தைக் கீழ்த்தெருக்களில் ஒட்டுவதற்கு நிர்வாகம் இசைந்துள்ளது. தேக்கம் நிரம்பிய மறுநாள் காலை அடுத்த ஆய்வு நடை. வருபவர்கள் ரப்பர் காலணியும் டார்ச்சும் கொண்டுவரவும்.

செயலாளர்