நூறு சதவீதம் திறந்துவிட்டீர்கள், மதுரையில் ஒரு ஜன்னலாவது திறங்கள்

ஒன்றிய நிதி அமைச்சகத்துக்கும் ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும்,

வணக்கம். திருமங்கலத்துக்காரன், 1998இலிருந்து இன்சூரன்ஸ் ஏஜென்ட். 2000இல் காப்பீட்டில் அந்நிய முதலீடு 26 சதவீதம் வரை வரலாம் என்றபோது மதுரையில் வெயிலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். 2015இல் 49 ஆச்சு, 2021இல் 74 ஆச்சு, 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 100 என்று அறிவித்து அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் சட்டத்தையும் திருத்தியாச்சு. ஒவ்வொரு தடவையும் குடி முழுகப்போகுது என்று கத்தினோம். முழுகவில்லை, சரி. அதனால் இப்போது கத்த வரவில்லை.

வசூலாகும் பிரீமியம் முழுவதையும் இந்தியாவிலேயே முதலீடு செய்யும் கம்பெனிக்குத்தான் இந்த நூறு சதவீதம் என்று நிதியமைச்சர் பட்ஜெட் உரையிலேயே சொன்னார். நல்ல விஷயம், பணம் எங்கே போகுது என்று பார்க்க ஒரு காவல். பணம் கட்டியவர் எங்கே போவார் என்பதுதான் என் கேள்வி.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டும் ஒரு அக்கா. லோன் கேட்டு பேங்குக்குப் போன இடத்தில் ஒரு மருத்துவ பாலிசியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். ஃபாரத்தை நிரப்பியது அங்கே இருந்த ஒரு தம்பி, சர்க்கரை இருக்கா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்ததும் அவர்தான்; அக்கா போட்டது தமிழில் கையெழுத்து மட்டும். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, நோயை மறைத்துவிட்டார் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய கடிதம் இங்கிலீஷில். மஞ்சப்பையில் சுருட்டி என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, பணம் வருமாய்யா, வராதா?" என்று கேட்டார், விரலில் நார் பச்சை கூடப் போகாமல்.

கம்பெனிக்கு எழுதினோம், பதில் அதே பதில். அடுத்து இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது கம்பெனி மேல் பாலிசிக்காரர் கொடுக்கும் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன்: கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் வக்கீலோ ஏஜென்ட்டோ அக்காவுக்காகப் போய்ப் பேச முடியாது, அக்காவே பேச வேண்டும். ஆபீஸ் இருப்பதோ சென்னையில், தமிழ்நாடு முழுவதுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். ஆன்லைனில் போடலாமே என்பீர்கள். அந்த அக்காவின் போனில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. சென்னைக்குப் போனால் ரெண்டு நாள் பூக்கட்டு போச்சு, போகிற காலும் புண்ணான கால்.

உயர் நீதிமன்றத்துக்கே 2004இலிருந்து மதுரையில் கிளை இருக்கு. ஓம்பட்ஸ்மேனுக்கு ஒன்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? தென் மாவட்டம் அத்தனைக்கும் உதவும். முதலாளி நாளைக்கு எந்த நாட்டில் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், முறையிடும் இடம் பஸ் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். முழு ஆபீஸ் கஷ்டம் என்றால் மாசத்துக்கு நாலு நாள் இங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள், அதோடு கிளெய்மைத் தள்ளும் கடிதம் கேட்காமலேயே தமிழில் வர வேண்டும் என்று ஒரு வரி உத்தரவும் போடுங்கள்.

கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். அக்காவின் மஞ்சப்பை என் வீட்டு பீரோவில் இருக்கு, ஏழு மாசம் போச்சு.