வெள்ளி ட்ரெய்லர் வாங்கலாமா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் வெள்ளி நிற ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரின் படத்தை அனுப்பிவிட்டு, இதே நீளத்தில் வேறு கம்பெனி வண்டி இதில் பாதி விலைகூட இல்லையே, மிச்சக் காசுக்கு என்னதான் கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். கூடுதல் காசு போவது சுவரும் கூரையும் சேர்ந்த வெளிக்கூட்டுக்கு. உள்ளே இருக்கும் சாமான்களுக்கு இல்லை.

ஃப்ரிட்ஜ், ஏசி, வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் பம்ப் எல்லாம் பெரும்பாலும் டொமெட்டிக், ட்ரூமா மாதிரி நாலைந்து கம்பெனிகளிடமிருந்து வருபவைதான். மலிவு வண்டியிலும் அவையே இருக்கும். ஆகவே விலை உயர்ந்த வண்டியில் ஃப்ரிட்ஜ் மக்கர் செய்யாது என்று நினைத்துவிடாதே.

சாதாரண ட்ரெய்லரின் சுவர் ஒரு சாண்ட்விச். வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், எல்லாம் பசையால் ஒட்டியது. கூரையில் ரப்பர் விரிப்பு. கூரையும் சுவரும் சேருமிடம், காற்றுத் துவாரம், ஜன்னல், ஓரத்து விளக்கு என்று எங்கெல்லாம் ஓட்டை போட்டார்களோ அங்கெல்லாம் தண்ணீரைத் தடுத்து நிற்பது சீலண்ட் என்ற அடைப்புப் பசை மட்டும்தான். வெயிலில் காய்ந்தும் ஓட்டத்தில் குலுங்கியும் அது வெடிக்கும். உள்ளே போகிற நீர் பிளைவுட்டை ஊறவைக்கும், பசை விடும், வெளித்தகடு கொப்புளம் போல உப்பும். டீலாமினேஷன் என்பது இதுதான். ஒருமுறை தொடங்கிவிட்டால் சீர்செய்யும் செலவுக்கு வேறு வண்டியே பார்த்துவிடலாம்.

ஏர்ஸ்ட்ரீமில் அலுமினியத் தகடுகளை விமானத்தைப் போல ரிவெட் அடித்துச் சேர்க்கிறார்கள். ஆலிவர், கசிட்டா, எஸ்கேப் போன்ற கம்பெனிகளின் வண்டிகள் படகு மாதிரி: ஃபைபர்கிளாஸை அச்சில் வார்த்து இரண்டு பாதிகளாக எடுத்துப் பொருத்துவார்கள். கூட்டில் பெரிய இணைப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் வண்டியைச் சுற்றி ஓடுவது. நீர் புகும் வழி குறைவு. ஒழுகுமா என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு வார்ப்பு வண்டிக்குத்தான்.

அலுமினிய வண்டிக்கும் தனி வியாதிகள் உண்டு. பழைய ஏர்ஸ்ட்ரீம்களின் தளம் பிளைவுட். பின்பக்க பம்பர் ஓரத்தில் நீர் இறங்கி அது மக்குவது ஊரறிந்த விஷயம். தகடுகளின் விளிம்பில் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் வரும், அதுவும் துருதான். ஆலங்கட்டி மழையில் ஒடுங்கினால் தட்டி நிமிர்த்த முடியாது, ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகட்டையே மாற்ற வேண்டும். குளிர் இரவில் உலோக விலாக்கள் வழியே வெப்பம் வெளியேறி உட்புறம் வியர்க்கும். படுக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் ஈரம் தெரியும்.

இவ்வளவும் ட்ரெய்லரின் கதை. உன் பிக்கப் அதைத் தாங்குமா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடு. விற்பவர் "4,000 கிலோ இழுக்கும்" என்பார். அந்த எண்ணை ஒதுக்கிவை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று. அதில் 680 கிலோ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள். சுமையேற்றிய ட்ரெய்லர் 2,900 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் இழுகொக்கியின் மேல் இறங்க வேண்டும், அதுவும் பிக்கப்பின் சுமைக் கணக்கில்தான் சேரும். 13 சதவீதம் என்றால் 377 கிலோ. எடையைப் பகிரும் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி ஒரு 45. நீங்கள் நாலு பேர் 270. பின்னால் போடும் சாமான் 60. மொத்தம் 752. ஸ்டிக்கரைவிட 72 கிலோ அதிகம், இழுவைத் திறனில் இன்னும் 1,100 கிலோ மிச்சம் இருந்தும்கூட. மிக நிறைய பேர் சறுக்கும் இடம் இது. உயர் ரக வண்டிகள் அதே நீளத்தில் பல சமயம் கனமாகவும் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்.

கொக்கியில் எடை கூடுகிறது என்று சாமானையெல்லாம் ட்ரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடாதே. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும், பக்கக்காற்றோ பெரிய லாரியோ கடந்தால் அந்த ஆட்டம் வளரும். பின்னால் ஸ்டாண்டு வைத்து இரண்டு சைக்கிள் மாட்டியதே போதும், சில வண்டிகளில் சமநிலை கெட. நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேள்: 150 லிட்டர் என்றால் 150 கிலோ, அது ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும். கேட்லாகில் வெற்று எடையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று இருக்கும், அதைப் படி. அழகான பெரிய வண்டிகள் சிலவற்றில் அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் தங்கவே ஆசை என்கிறாய். லித்தியம் பேட்டரி, சோலார் என்று பட்டியல் மயக்கும். 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியத்தில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட். கூரை ஏசி ஓடும்போது 1,300 முதல் 1,500 வாட் இழுக்கும். கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். விளக்கு, விசிறி, பம்ப், ஃப்ரிட்ஜுக்கு அதே பேட்டரி தாராளம். இன்னொன்று: இந்த வகை லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும். குளிரில் போவதென்றால் சூடேற்றும் வசதி உள்ள பேட்டரியா, வண்டிக்குள்ளேயே வைத்ததா என்று கேள். "நாலு பருவத்துக்கும் ஏற்றது" என்ற வாசகத்தை நம்பாதே. தரையில் படுத்துக் கழிவுநீர்த் தொட்டியின் வால்வைப் பார். அது மூடாப்பில்லாமல் வெளியே தொங்கினால் முதல் உறைபனியில் இறுகிவிடும்.

நாலு பேருக்கு இடவசதி பற்றி ஒரு வார்த்தை. வார்ப்பு வண்டிகள் குறுகல். சாப்பாட்டு மேசையை ராத்திரிதோறும் இறக்கிப் படுக்கையாக்க வேண்டியிருந்தால், இரண்டு நாளுக்கு வேடிக்கை, மூன்றாம் நாள் சண்டை. ஷோரூமில் நாலு பேரும் உள்ளே ஏறி, மேசையை இறக்கி, படுத்து, ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போய்ப் பாருங்கள்.

எப்போது விலை தகும்? பத்து வருஷமாவது வைத்துக்கொள்ளப் போகிறாய், ஆண்டுக்கு முப்பது நாற்பது இரவு தங்குவாய், வண்டி வெட்டவெளியில்தான் நிற்கும் என்றால் நல்ல கூட்டுக்குக் காசு போடு. கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் என்றால் வேண்டாம். மலிவு வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, வெடித்த சீலண்டைச் சுரண்டிப் புதிதாகப் போட்டால் அது நன்றாகவே உழைக்கும். எப்படியும் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார். பிடித்திருந்தால் நாலைந்து வருஷம் ஓடிய உயர் ரக வண்டியைத் தேடு. முதல் வருஷத்து விலைச் சரிவையும் தொழிற்சாலைக் கோளாறுகளையும் முதல் ஆள் சுமந்திருப்பார்.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஈரமானியும் டார்ச்சும் எடுத்துக்கொள். மரத்தில் 15 சதவீதத்துக்குள் காட்டினால் சரி, 20ஐத் தாண்டினால் சந்தேகப்படு. உலோகத்தின் மேல் ஊசியில்லாத மானி தப்பாகக் காட்டும், கவனம். கதவருகே, ஜன்னலுக்குக் கீழே, பின் மூலைகளில் குதிகாலால் அழுத்து. தளம் மெத்தென்று இருந்தால் திரும்பி வந்துவிடு. அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார். உள்ளே வாசனைத் திரவியம் கமகமவென்று அடித்தால் இன்னும் நிதானமாகத் தேடு. வண்டிக்குள் காற்றடித்து அழுத்தம் ஏற்றி, மேலே சோப்பு நீர் தடவிக் குமிழி பார்க்கும் சோதனையைச் செய்து தரும் பட்டறைகள் உண்டு. அந்தச் செலவுக்குத் தயங்காதே.

புதிது என்றால் கையெழுத்துக்கு முன் வண்டியைச் சோதித்துப் பார்க்க மூன்று மணி நேரமாவது கேள். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிர ஆறேழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். முந்தின நாளே போட்டு வைக்கச் சொல். தொட்டியில் நீர் நிரப்பி, பம்பைப் போட்டு, குழாய்களை எல்லாம் மூடு. பம்ப் ஓசை அடங்க வேண்டும். சற்று நேரத்துக்கு ஒருமுறை தானாக உறுமினால் எங்கோ கசிகிறது. பிறகு, ஓட்டத்தில் ட்ரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்சின் முள்ளை இழுத்து, ட்ரெய்லரை நகர்த்திப் பார். சக்கரங்கள் இறுகி நிற்க வேண்டும். கண்டுபிடித்த குறைகளை எழுதி, சரிசெய்த பிறகே மிச்சப் பணம். பணம் கைமாறிவிட்டால் பட்டறை வரிசையில் நீ கடைசி ஆள்.

கதவுத் தூணின் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எந்த நீளம் என்று பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கங்களைப் பார். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் புது டயர் விலையைப் பேரத்தில் கழித்துவிடு.