பென்னி மெக்கார்த்திக்கு ஒரு வரி போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து எழுதுறேன். சொந்த ஊரு வியாசர்பாடி, 1997-ல நகைப்பட்டறை வேலைக்கு வந்தவன் அப்படியே இங்கயே தங்கிட்டேன். தினம் காலைல டீயும் கையுமா போன்ல நம்ம பேப்பரைத்தான் பார்ப்பேன், அதுவும் கடைசியில விளையாட்டுப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுதான் பழக்கம். போன வாரம் ஃபுட்பால்ல கோல் அடிக்க முன்னால நிக்கிற ஆப்பிரிக்க ஃபார்வர்டுகளைப் பத்தி பெரிய கட்டுரை போட்டிருந்தீங்க, ஜார்ஜ் வியா, எட்டோ, ட்ரோக்பா எல்லாருக்கும் ஆளுக்கொரு பத்தி, ரொம்ப சந்தோஷம். ஆனா எங்க தென்னாப்பிரிக்கா ஃபார்வர்டு பென்னி மெக்கார்த்திக்கு ஒரே ஒரு வரி. அதுலயும் நாட்டுக்கு ஆட மனசில்லாதவர், உடம்பு போட்டு 2010 உலகக் கோப்பையைக் கோட்டை விட்டவர்னு முடிச்சிட்டீங்க. அன்னிக்கு பூரா எனக்கு வேலையே ஓடல. அதான் எழுதுறேன்.

நாட்டுக்கு ஆட மனசில்லன்னு சொன்னீங்களே, அதையே முதல்ல எடுத்துக்கறேன். 1998 பிப்ரவரி, புர்கினா ஃபாசோல ஆப்பிரிக்கா கப் நடக்குது, தென்னாப்பிரிக்காவுக்கு நமீபியாவோட மேட்ச். நான் ஊர்ல இருந்து வந்து முழுசா ஒரு வருஷம் கூட ஆகல, பட்டறை மூலைல ஒரு சின்ன டிவி இருக்கும், முதலாளி அதைப் போட்டுவிட்டாரு. எனக்கு அவசர வேலை, ஒரு ஜோடி ஜிமிக்கிக்குப் பொடி வெச்சு ஊதிக்கிட்டிருக்கேன், ஒட்டு போடும்போது கண்ணை எடுக்க முடியாது, எடுத்தா தங்கம் உருகிப் போயிடும். "லாடுமா"னு டிவில கத்துறான். அது ஜூலு வார்த்தைங்க, இடி இடிச்சுதுன்னு அர்த்தம், இங்க கோல் விழுந்தா கமெண்ட்ரில அதைத்தான் கத்துவாங்க. ஊதிக்கிட்டே இருக்கேன், மறுபடியும் லாடுமா. ஒரு ஒட்டு முடிச்சு நிமிர்ந்தா மூணாவது. அப்புறம் ஊதுகுழலைக் கீழ வெச்சிட்டு நாலாவதைக் கண்ணால பார்த்தேன். மேட்ச் ஆரம்பிச்சு 21 நிமிஷத்துக்குள்ள நாலு கோலுங்க, நாலையும் அடிச்சது இருபது வயசுப் பையன். மொராக்கோவை ஜெயிச்ச காலிறுதியில ஒண்ணு, காங்கோவோட அரையிறுதியில ரெண்டு, மொத்தம் ஏழு. ஃபைனல்ல எகிப்து கிட்ட 2-0ன்னு தோத்தோம், ஆனா அந்தப் போட்டியோட சிறந்த ஆட்டக்காரர்னு பட்டம் இவருக்குத்தான் வந்துச்சு.

அதே வருஷம் ஜூன்ல பிரான்ஸ் உலகக் கோப்பை. நிறவெறிக் காலத்துல ஃபிஃபா ஒதுக்கி வெச்சிருந்த நாடு முதல் தடவையா உலகக் கோப்பைக்குள்ள காலடி வெக்குது, இங்க தெருவுல அன்னிக்கு இருந்த படபடப்பை எழுத்துல கொண்டு வர என்னால முடியல. டுலூஸ்ல டென்மார்க்கோட மேட்ச், கோல்ல நிக்கிறது பீட்டர் ஷ்மைக்கேல், ஆளைப் பார்த்தாலே கோல் போஸ்ட் சின்னதாத் தெரியும், அவர் ரெண்டு காலுக்கு நடுவுல பந்தை விட்டார் பென்னி. தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில அடிச்ச முதல் கோல் அது. 2002-ல ஸ்பெயினோட 3-2ன்னு தோத்த மேட்ச்லயும் ஒரு கோல் அடிச்சார், அந்தத் தடவை பராகுவேக்கும் எங்களுக்கும் பாயிண்ட் சமம், கோல் வித்தியாசமும் சமம், அவங்க அடிச்சது ஆறு, நாங்க அஞ்சு, அந்த ஒத்தைக் கோல்ல வெளிய போனோம். மொத்தத்துல தேசிய டீமுக்கு 31 கோல், சுமார் எண்பது மேட்ச்ல. அதுவரைக்கும் அதிகம் அடிச்சிருந்த ஷான் பார்ட்லெட்டைத் தாண்டி மேல போய் உட்கார்ந்தவரு, இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்துக்கு யாரும் வரல. மனசில்லாதவன் அடிக்கிற கணக்கா இது?

நடுவுல கூப்பிட்டும் போகாத காலம் இருந்துச்சு, 2002-க்கு அப்புறம் கொஞ்ச நாள் வேணாம்னு ஒதுங்கியே இருந்தார், அதை நான் மறைக்கல, எனக்கே அப்போ அவர் மேல கோவம்தான். ஆனா அந்த நிலைமையையும் கொஞ்சம் யோசிக்கணும். ஆப்பிரிக்கா கப் அப்போ வந்தது ஜனவரி பிப்ரவரில, அப்பதான் ஐரோப்பால லீக் சூடு பிடிக்கும், ஒரு மாசம் விட்டுட்டு வந்தா திரும்பிப் போறப்ப இவர் இடத்துல வேற ஒருத்தன் நிப்பான், கோச் அவனையே வெச்சுக்குவார், கிளப்காரன் ஒரு பக்கம் இழுக்கிறான் நாட்டுக்காரன் ஒரு பக்கம் இழுக்கிறான், நடுவுல பிய்யிறது ஆடுறவன்தான். இந்த இழுபறி ஆப்பிரிக்கால இருந்து போன எல்லா ஃபார்வர்டுக்கும் உண்டு, பழி மட்டும் இவர் மேல விழுந்திருக்கு.

அவர் பிறந்து வளர்ந்த இடம் கேப் டவுன்ல ஹனோவர் பார்க். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு ஜனங்களைத் துரத்தி ஊருக்கு வெளிய தள்ளின இடங்கள்ல அது ஒண்ணு, நான் இருக்கற சாட்ஸ்வொர்த்தும் அதே சட்டத்துல இந்தியர்களை அள்ளிக் கொண்டு வந்து கொட்டின ஊருதான். ரெண்டு ஊர்லயும் ஃபுட்பால்தான் பசங்களுக்கு மூச்சு. 1996-97-ல இங்க பிரீமியர் சாக்கர் லீக் ஆரம்பிச்ச முதல் சீசன்ல கப் எடுத்ததே எங்க சாட்ஸ்வொர்த் மேனிங் ரேஞ்சர்ஸ்தான், அப்புறம் அந்த டீமே இல்லாமப் போனது பெரிய சோகம், அதைத் தனியாத்தான் எழுதணும். ஹனோவர் பார்க்ல கேங் சண்டைக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் நடுவுல வளர்ந்து, செவன் ஸ்டார்ஸ், கேப் டவுன் ஸ்பர்ஸ்னு ஆடி, 1997-ல ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸுக்குப் போனார். போன முதல் சீசன்லயே லீக்கும் கப்பும் சேர்ந்து கிடைச்சுது. 1999-ல ஸ்பெயின்ல செல்டா வீகோ, அங்க நிறைய நாள் பெஞ்சுதான். 2002 தொடக்கத்துல போர்ச்சுகல் கிளப் போர்ட்டோவுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு மட்டும் ஆட, அனுப்புனாங்க, அங்க மொரீன்யோ அப்பதான் கோச்சா வந்திருக்கார், 11 லீக் மேட்ச்ல 12 கோல்! ஆனா லோன் முடிஞ்சு திரும்ப செல்டாவுக்கே போக வேண்டியதாப் போச்சு, அந்த ஒரு வருஷத்துல போர்ட்டோ ஐரோப்பாக் கிளப்புகளோட ரெண்டாவது பெரிய கோப்பையான யூஈஎஃப்ஏ கப்பை இவர் இல்லாமலே ஜெயிச்சுது, 2003-ல தான் நிரந்தரமா வாங்குனாங்க.

2004 பிப்ரவரி 25 ராத்திரியை எப்படி விட்டீங்கன்னுதான் எனக்குப் புரியல. ஐரோப்பாக் கிளப்புகளோட பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்ல நாக்அவுட், போர்ட்டோ மைதானம், எதிர்ல மான்செஸ்டர் யுனைடெட். முதல் கோல் யுனைடெட்டுக்கு, அடிச்சது குவின்டன் ஃபார்ச்சூன், அவரும் கேப் டவுன் பையன்! எங்க வீட்ல அப்போ யாருக்குக் கை தட்டறதுன்னே தெரியல. அப்புறம் பென்னி பந்து தரைல படறதுக்கு முன்னாடியே வாலியா ஒண்ணு அடிச்சு சமன் பண்ணார். ரெண்டாவதுதான் என் கண்ணுல இன்னும் நிக்குது, டிஃபென்டர்களுக்கு மேல எம்பி, கழுத்தை வில்லு மாதிரி பின்னால இழுத்து ஒரு ஹெட்டர், பந்து கோல் கீப்பருக்கு மேல வளைஞ்சு மூலைல போய் விழுந்துச்சு. 2-1. ரெண்டாவது லெக்ல, அதாவது யுனைடெட் மைதானம் ஓல்ட் டிராஃபோர்டுல நடந்த பதில் மேட்ச்ல, கடைசி நிமிஷத்துல போர்ட்டோவோட காஸ்டின்யா அடிச்சதும் மொரீன்யோ கோட்டோரமா ஓடுனதும் உலகமே பார்த்துச்சு, ஆனா அந்த ஃப்ரீ கிக்கை எடுத்தது பென்னி, அவர் அடிச்சதைக் கீப்பர் தட்டி விட்டதுலதான் காஸ்டின்யாவுக்குப் பந்து கிடைச்சுது. இதை எத்தனை பேர் சொல்றாங்க? மே மாசம் ஜெர்மனில மொனாக்கோவை 3-0ன்னு ஜெயிச்சு கப் வாங்கினப்ப பென்னி மாற்று ஆளா இறங்கினார், அந்த சீசன் போர்ச்சுகல் லீக்ல 20 கோல் அடிச்சு முதல் இடம். எங்க டர்பன்ல பிறந்த ப்ரூஸ் க்ராபெலார் 1984-ல லிவர்பூலோட இதே கப்பை, அப்போ ஐரோப்பாக் கோப்பைன்னு பேரு, ஜெயிச்சவர்தான், ஆனா அவர் ஆடுனது ஜிம்பாப்வேக்கு, தென்னாப்பிரிக்காவுக்கு ஆடினவங்கள்ல முதல்ல ஜெயிச்சது பென்னிதான்.

அப்புறம் போன இங்கிலாந்து கிளப் பிளாக்பர்ன்லயும் 2006-07 முதல் சீசன்லயே பிரீமியர் லீக்ல 18 கோல். அந்த வருஷம் அவருக்கு முன்னாடி நின்னது 20 அடிச்ச ட்ரோக்பா மட்டும்தான், நீங்க ஒரு பத்தி ஒதுக்கின அதே ட்ரோக்பா. 2010 தொடக்கத்துல வெஸ்ட் ஹாம் போனது அவருக்கு ஆகல, வந்ததும் முழங்கால்ல அடி, மைதானத்துல இறங்கினதே கம்மி, உடம்பும் ஏறிடுச்சு. சொந்த மண்ணுல உலகக் கோப்பை, கோச் பரேரா 23 பேர் லிஸ்ட் படிக்கிறார், பென்னி பேர் இல்ல. அந்தத் தப்புல பாதி அவரோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தடவை தென்னாப்பிரிக்கா மூணு மேட்ச்ல மூணே கோல் அடிச்சு முதல் சுற்றோட வெளிய போச்சுங்கறதையும் அதே வரில எழுதியிருக்கலாம் இல்லையா.

அதோட கதை முடியலைங்க. 2011-ல நாடு திரும்பி ஆர்லாண்டோ பைரேட்ஸ்ல சேர்ந்தார். 2012 மே, லீக்கோட கடைசி நாள், டர்பன் மோசஸ் மபிதா மைதானத்துல கோல்டன் ஆரோஸோட மேட்ச், நானும் என் பையனும் போயிருந்தோம். பையனுக்குப் பத்து வயசு, வுவுசெலா ஊதல் சத்தத்துல ஒரு காதைப் பொத்திக்கிட்டே பார்த்தான். எங்களுக்கு முன் வரிசைல ஒரு ஜூலு தாத்தா, சுரங்கத் தொப்பியை வெட்டிப் பெயிண்ட் அடிப்பாங்களே அந்த மகரப்பா தலையில. 4-2ன்னு ஜெயிச்சு பைரேட்ஸ் கப் எடுத்தாங்க, அதுல ரெண்டு பென்னியோடது. ரெண்டாவது விழுந்ததும் தாத்தா தொப்பியைக் கழட்டி என் பையன் தலையில வெச்சிட்டு அழுதார், பேசிக்க எங்களுக்குப் பொது பாஷை ஒண்ணும் இல்ல, நானும் அவர் கையைப் பிடிச்சிட்டு நின்னேன். 34 வயசுல, குண்டு குண்டுன்னு பேப்பர்ல எழுதின உடம்போட, கடைசி நாள்ல ரெண்டு கோல்.

அப்புறம் கோச் ஆனார், எங்க ஊரு அமாஜூலு டீமை 2020-21-ல ரெண்டாவது இடத்துக்குக் கொண்டு வந்து ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்ல முதல் தடவை ஆட வெச்சார், மான்செஸ்டர் யுனைடெட்லயே ரெண்டு வருஷம் கோச்சிங் குழுவுல இருந்தார், 2025-ல கென்யா தேசிய டீம் கோச் ஆனார்.

நான் கேக்கறது ஒண்ணுதான். அவருக்கும் ஒரு பத்தி போடுங்க, குறையையும் எழுதுங்க, கூடவே அந்த 31-ஐயும் எழுதுங்க. ஹனோவர் பார்க் எப்படியோ அப்படித்தான் என் வியாசர்பாடியும், சாயங்காலம் ஆனா செருப்பைக் கோல் போஸ்டா வெச்சு ஆடிக்கிட்டிருக்கற பசங்க, எங்க அண்ணன் பையனும் அதுல ஒருத்தன், அவன் உங்க விளையாட்டுப் பக்கத்தை வெட்டி சுவத்துல ஒட்டி வெக்கிறவன். பெரிய படமாப் போட்டீங்கன்னா நல்லா இருக்கும், அந்த ஹெட்டர் படம் கிடைச்சா அதையே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.